மூளைக்குள் ஒரு கடிகாரம்: எப்போது தூங்கினாலும் ஒன்றுதானா?

திருச்செங்கோட்டில் இரவு ஷிப்டில் விசைத்தறி ஓடுகிறது. ரிக் வண்டியோடு போன நம் பிள்ளைகள் எங்கோ ஒரு மாநிலத்தில் நள்ளிரவிலும் போர் போடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்களோ செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருக்கிறார்கள். "எட்டு மணி நேரம் தூங்கினால் போதாதா, எப்போது தூங்கினால் என்ன?" என்று பலரும் கேட்கிறார்கள்.

இதற்கான விடையைத் தேடியவர்களில் ஒருவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த எம்.கே. சந்திரசேகரன். வெளிச்சமே எட்டாத குகையில் வாழும் வௌவால்களை அவரது குழு கவனித்தது. பொழுது சாய்வதைப் பார்க்க முடியாத இடத்திலும் அவை நேரம் தவறாமல் விழித்தன. கூட்டத்திலிருந்து பிரித்து இருட்டில் தனியே வைத்த வௌவாலுக்கும் விழிப்பும் ஓய்வும் மாறி மாறி வந்தன. ஆனால் 24 மணி நேரக் கணக்கிலிருந்து அது மெல்ல விலகிப்போனது. கடிகாரமும் சூரிய ஒளியும் இல்லாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் அவர்கள் ஆராய்ந்தார்கள். மனிதரின் நாளும் அப்படியே விலகியது.

அதாவது, கடிகாரம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சரியாகத் திருப்பி வைப்பது வெளிச்சம்.

அந்தக் கடிகாரத்தின் தலைமையிடம் மூளையில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ளது. சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு பகுதி அது. அங்குள்ள சில மரபணுக்கள் புரதத்தை உண்டாக்குகின்றன. புரதம் சேரச் சேர, அதுவே திரும்பி வந்து தன் மரபணுவை அடக்கிவிடுகிறது. பிறகு புரதம் சிதைந்து குறைய, மரபணு மறுபடி வேலையைத் தொடங்குகிறது. இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. பழ ஈக்களில் இதைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இறந்தவர்களின் மூளைகளை அவர்கள் இறந்த நேரப்படி வரிசைப்படுத்திப் பார்த்தது. ஆரோக்கியமாக இருந்தவர்களின் மூளையில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் நேரத்துக்கேற்ப ஏறி இறங்கின. கடும் மனச்சோர்வில் இருந்தவர்களிடம் அந்தத் தாளம் மங்கியிருந்தது. தாளம் கெட்டதால் நோயா, நோயால் தாளம் கெட்டதா என்று இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய செய்தியல்ல.

எனவே பெற்றோர்களே, சுபுஹு தொழுததும் மறுபடி போர்வைக்குள் போகாமல், விடிந்ததும் பிள்ளைகளோடு சற்று வெளியே நடங்கள். இஷாவுக்குப் பிறகு விளக்கைக் குறையுங்கள், செல்போனை ஒதுக்கி வையுங்கள்.

இரவு வேலை பார்ப்பவருக்கு இந்த வசதி இல்லை. அவர் பகலில் தூங்கும் அறையின் ஜன்னலைக் கனத்த துணியால் மூடுங்கள். டிவி சத்தத்தைக் குறையுங்கள். பகலில் படுத்திருப்பவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். மூளை விழிக்கச் சொல்லும் நேரத்தில் அவர் தூங்கப் போராடிக்கொண்டிருக்கிறார்.