பாடங்கேட்டலும் இணையவழிப் பயிற்சியும்

தமிழைப் பாடமாகக் கொண்டு ‘நெட்’ எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு எழுதப் புகும் முதுகலை மாணாக்கர், பயிற்சி வகுப்பிற்கு நேரிற் செல்வதா, இணையவழிப் பாடங் கேட்பதா என வினவுகின்றனர். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதிகளில் வாழ்வார்க்கு இஃது எளிய வினா அன்று. கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931ஆம் ஆண்டு முதல் மின்தொடர் வண்டி ஓடுகின்றது. எனினும், நகர்க்குச் சென்று மீள்வார்க்கு நாள்தோறும் இரண்டு மணி நேரத்திற்கு மேலும் வழியிலேயே கழியும். பகலில் வேலைபார்த்துப் படிப்பவர்க்கு அவ்விரண்டு மணி நேரமே படிக்கும் பொழுது.

இதனை ஆராய்தற்கு நன்னூலே நமக்குத் துணை. பவணந்தியார் பொதுப்பாயிரத்துள் பாடங்கேட்டலின் வரலாற்றைத் தனியே வகுத்தார். ஆசிரியன் உரைத்ததை நன்கு கொண்டானாயினும் மாணாக்கன் பெறுவது கால்கூறே. உடன் கற்பாரொடு பயில்வதால் ஒரு கால். பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரை. இஃது அவர் காட்டும் கணக்கு. ஒருமுறை கேட்டதை மீண்டும் கேட்பின் பிழை நீங்கும் என்பதும் அவர் கருத்து. மீட்டுங் கேட்டற்கு ஒளிப்பதிவுப் பாடத்தினும் எளியது பிறிதில்லை. நள்ளிரவில் ஏழாம் முறை கேட்பினும் சினப்பார் இலர்.

இனி, தேர்வின் இயல்பை நோக்குவோம். முதல் தாளில் 50 வினாக்களும் இரண்டாம் தாளில் 100 வினாக்களும் உள. காலம் மூன்று மணி நேரம். தொல்காப்பியம் முழுமைக்கும் உரை கண்டவர் இளம்பூரணர். சேனாவரையர் உரை சொல்லதிகாரத்திற்கே உண்டு. இத்தகைய செய்திகளைப் பதிவுப் பாடமே தெளிவுறத் தரும். ஆயின், சேனாவரையர் ஓரிடத்து இளம்பூரணரை ஏன் மறுக்கின்றார் என்பது செய்தியன்று, வழக்கு. மாணாக்கன் தடுத்துக் கேட்கவும், ஆசிரியர் அவன் முகக்குறிப்பை உணர்ந்து வேறொரு சான்று காட்டவும் அங்கு இடம் வேண்டும். கூற்றும் காரணமும் தந்து வினவும் வினாக்களில் பலர் இடறுவது இப்பயிற்சி இன்மையாலேயே என்பது எம் கருத்து. நேரலை வகுப்பில் வினவலாமே எனின், வினவலாம். திரையை மறைத்து வாளா இருப்பாரே மிகுதி.

நூல் தேடி அலையும் வருத்தமும் இன்று குறைந்துளது. 2001ஆம் ஆண்டு தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகம் மூலங்களையும் உரைகளையும் இணையத்தில் வைத்துள்ளது. ஆதலின், செய்திப் பகுதியை இல்லத்திலிருந்தே கேட்டு, கிழமைக்கு ஒருநாள் அண்மையிலுள்ள மூவர் நால்வர் கூடி, ஆளுக்கோர் இயலை மற்றவர்க்கு உரைப்பது தகும். பவணந்தியார் கூறிய முக்கால் கூறும் அக்கூட்டத்திலேயே கிடைக்கும். அதற்குக் கட்டணமும் இல்லை, வண்டிப் பயணமும் இல்லை. கூட ஒருவரும் வாய்க்காதவர் மட்டும் நேர்முக வகுப்பை நாடுக. தேர்வு கணிப்பொறி வழியே நடைபெறுவதால், இறுதித் திங்களில் மாதிரித் தேர்வுகளை யாவரும் திரையிலேயே எழுதிப் பழகல் வேண்டும்.