பிலிம் காமிராவிலிருந்து டிஜிட்டல் காமிராவுக்கு

கொல்கத்தா மாநகருக்கும் புகைப்படக் கலைக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. 1856ஆம் ஆண்டிலேயே வங்கப் புகைப்படச் சங்கம் இங்கே தோன்றிவிட்டது. 1860களில் தொழில் தொடங்கிய போர்ன் அண்டு ஷெப்பர்டு நிலையம், தலைமுறை தலைமுறையாகப் படம் எடுத்து வந்து, 2016இல் கதவுகளை மூடிற்று. நம் தமிழகத்திலோ, உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, ‘இந்து’ என்னும் பெயரில் பிலிம் செய்து நாடெங்கும் அனுப்பி வந்தது. அதுவும் இன்று இயங்கவில்லை.

எனினும், லேக் மார்க்கெட்டிலும் ராஷ்பிஹாரி அவென்யூவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், அந்நாளில் அருமையாக வாங்கிய பிலிம் காமிராவும் இரண்டு மூன்று லென்சுகளும் அலமாரியில் இன்னும் உறங்குகின்றன. அவற்றை வைத்திருப்போர் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வாங்க முற்படும்போது, எந்தக் காமிரா சிறந்தது என்றே முதலில் கேட்கின்றனர். தம்மிடம் உள்ள லென்சுகள் எந்தக் காமிராவில் பொருந்தும் என்பதே அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

காரணத்தைச் சிறிது ஆராய்வோம். எஸ்.எல்.ஆர். காமிராவில், லென்ஸ் வழியே வரும் ஒளியை உள்ளே சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்பி, நம் கண்ணுக்குக் காட்டுகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி உயர, ஒளி பிலிமில் விழுகிறது. டிஜிட்டல் எஸ்.எல்.ஆரிலும் அமைப்பு இதுவே. பிலிம் இருந்த இடத்தில் ஒளியை உணரும் மின்தகடு இருக்கிறது, அவ்வளவே. 1991இல் கோடக் நிறுவனம் வெளியிட்ட முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்., நிக்கான் எப்-3 என்னும் பிலிம் காமிராவின் உடலிலேயே அமைக்கப்பட்டது. ஆகவே, லென்ஸ் பூட்டும் வாய் ஒன்றாக இருக்குமாயின் பழைய லென்ஸ் பயன்படும். காமிராவின் உடல் சில ஆண்டுகளில் பழமையாகிவிடும். நல்ல லென்ஸ் நாற்பது ஆண்டுகளும் உழைக்கும்.

இனி, ஒவ்வொரு குடும்பமாகப் பார்ப்போம். நிக்கான் 1959இல் அமைத்த வாயையே தன் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்களிலும் வைத்துக்கொண்டது. ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. 1977க்கு முன் செய்யப்பட்டு, பின்னர் மாற்றி அமைக்கப்படாத லென்சுகளைப் பெரும்பாலான புதிய உடல்களில் பூட்டினால், உடலிலுள்ள சிறு நெம்புகோல் முறியக்கூடும். மேலும் டி-3000, டி-5000 வரிசைகளில் குவியம் திருப்பும் மோட்டார் இல்லை. தனக்கென மோட்டார் இல்லாத ஆட்டோபோகஸ் லென்சை அவற்றில் கையாலேயே திருப்ப வேண்டும். டி-7000 போன்ற உடல்களில் இக்குறை இல்லை.

கானன் நிறுவனமோ 1987இல் வாயையே மாற்றிவிட்டது. அதற்கு முந்தைய எப்.டி. லென்சுகள் கானன் டிஜிட்டல் எஸ்.எல்.ஆரில் நேரே பொருந்தா. பென்டாக்ஸ் 1975இல் கொணர்ந்த வாய் இன்றும் தொடர்கிறது. ஜெனிட் போன்ற காமிராக்களின் திருகு லென்சுகளையும் ஓர் இணைப்பு வளையத்தைக் கொண்டு பென்டாக்சிலும் கானனிலும் பொருத்தலாம். குவியத்தைக் கையால் திருப்ப வேண்டியிருக்கும்.

அடுத்து, மின்தகட்டின் அளவு. பிலிம் சட்டம் 24க்கு 36 மில்லிமீட்டர். விலை குறைந்த உடல்களில் மின்தகடு அதைவிடச் சிறியது. ஆதலால் 50 மில்லிமீட்டர் லென்ஸ் நிக்கானில் 75 போலவும், கானனில் 80 போலவும் காட்சியைச் சுருக்கிக் காட்டும். சிறிய அறையில் குடும்பத்தினர் அனைவரையும் அடக்கிய 28 மில்லிமீட்டர் லென்ஸ், இங்கே ஓரத்தில் நிற்கும் இருவரை வெட்டிவிடும். பழைய லென்சுகளின் முழுப் பயனும் வேண்டுவோர், பிலிம் அளவுள்ள மின்தகட்டையே நாட வேண்டும்.

பழக்கத்திலும் ஒரு மாற்றம் தேவை. நெகடிவ் பிலிம் மிகுதியான ஒளியை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மின்தகடு பொறுக்காது. பூஜைக் காலத்தில் வங்க மாதர் உடுத்தும் சிவப்புக் கரை வெள்ளைச் சேலை ஒருமுறை வெளுத்துப்போனால், அதன் மடிப்புகளை எவராலும் மீட்க இயலாது. ஆகவே சற்றுக் குறைவாகவே ஒளியை விட வேண்டும். இதற்கு ஈடாக ஒரு பெரும் வசதியும் உண்டு. பந்தலின் பலவண்ண விளக்குகளுக்கேற்ப ஒளியுணர்வையும் நிறச் சமநிலையையும் படத்துக்குப் படம் மாற்றிக்கொள்ளலாம். கல்கத்தாவைப் பற்றித் தனி நூலே வெளியிட்ட ரகு ராய், 2003இல் நிக்கான் டி-100 காமிராவைக் கையாண்டபின் பிலிமுக்குத் திரும்பவில்லை.

நிற்க. நிக்கானும் கானனும் 2020க்குப் பின் புதிய எஸ்.எல்.ஆர். மாதிரிகளை வெளியிடவில்லை, கண்ணாடியில்லாக் காமிராக்களுக்குத் திரும்பிவிட்டன. எஸ்.எல்.ஆர். வேண்டுவோர்க்கு இதனால் நட்டமில்லை. கைமாறிய நல்ல உடல்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. மேற்சொன்ன எப்.டி. லென்சுகளை மட்டும் உடையவர்க்கு, இணைப்பு வளையத்துடன் கூடிய கண்ணாடியில்லாக் காமிராவே தக்கது.

பழைய உடலை வாங்க மெட்ரோ சினிமாவின் அருகிலுள்ள காமிராக் கடைகளுக்குச் செல்வோர், தம் லென்சையும் ஒரு நினைவு அட்டையையும் உடன் கொண்டு செல்க. வெள்ளைத் தாளை எப்-16 துவாரத்தில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் மின்தகட்டின் தூசு தெரியும். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்றும் கேட்டறிக. லென்சை விளக்கின் முன் பிடித்துப் பார்த்து, உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தால் விட்டுவிடுக. கங்கைக்கரை ஈரக்காற்று லென்சுக்குப் பகை. ஈரத்தை வைத்திருக்கும் தோலுறையை நீக்கி, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பது நலம்.

இறுதியாக, காமிராவினும் அரியது படம். 1991இல் போர்ன் அண்டு ஷெப்பர்டு நிலையத்தில் நேர்ந்த தீயில் பழைய நெகடிவுகள் பெருவாரியாக அழிந்தன. நெகடிவ் ஒன்றே, அது போனால் போயிற்று. டிஜிட்டல் படத்துக்கு எத்தனை படிகள் வேண்டுமாயினும் எடுக்கலாம். ஆனால் எடுத்து வைத்தால்தான் உண்டு. ஒரு படி வீட்டிலும், மற்றொன்று ஊரிலுள்ள உறவினரிடத்தும் இருக்கட்டும். பழைய நெகடிவுகளையும் புதிய காமிராவைக் கொண்டே படமெடுத்து அவற்றுடன் சேர்த்து வைக்கலாம். ஊர்விட்டு வந்த குடும்பத்துக்குப் பாட்டன் பாட்டியின் முகத்தைப் பேரக்குழந்தைகளுக்குக் காட்ட அவற்றைத் தவிர வேறு சான்று ஏது?