போர் தண்ணியில் பெட்ரோல் வாடையா? சுத்தம் செய்ய மண்ணுக்குள்ளேயே ஆள் இருக்கு!

சென்னை தண்டையார்பேட்டையில் 2013-ம் ஆண்டு வீட்டு போர்களில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாயில் ஏற்பட்ட கசிவுதான் காரணம். அந்த தண்ணீர் குடிக்கவோ குளிக்கவோ லாயக்கில்லாமல் போனது.

இப்படி கெட்டுப்போன மண்ணையும் நிலத்தடி நீரையும் சரிசெய்ய முடியுமா? முடியும். மண்ணில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் பெட்ரோல், டீசலையே சாப்பிட்டு, கடைசியில் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும். ஆனால் "அதுவா தின்னுட்டு போகட்டும்" என்று சும்மா விட்டால் வேலை இழுத்துக்கொண்டே போகும்.

காற்று முக்கியம்

எண்ணெய் கசிந்த இடத்தில் பாக்டீரியாக்கள் மளமளவென பெருகி, இருக்கிற ஆக்சிஜனை சீக்கிரமே தீர்த்துவிடும். ஆக்சிஜன் இல்லாமல் வேலை செய்யும் ரகமும் உண்டு. ஆனால் அது ஆமை வேகம்தான். அதனால்தான் குழாய் இறக்கி பூமிக்குள் காற்றை செலுத்துகிறார்கள்.

உரமும் வேணும்

எண்ணெயில் தழைச்சத்தும் மணிச்சத்தும் போதுமான அளவு கிடையாது. எனவே பயிருக்கு போடுவது போல பாக்டீரியாவுக்கும் அளவாக உரம் போட வேண்டும். மண் காய்ந்து கிடந்தாலும் ஆகாது. சொதசொதவென்று இருந்தாலும் காற்று இறங்காது. நம்ம ஊர் சூடு இதற்கு வசதிதான்.

மணல் பூமி என்றால் காற்றும் உரமும் சுலபமாக பரவும். களிமண் என்றால் கஷ்டம். பெட்ரோல், டீசல் சீக்கிரம் கரையும். தார் மாதிரி கெட்டி எண்ணெய் வருடக்கணக்கில் கிடக்கும்.

முதல் வேலை எது?

முதலில் கசிவை அடைக்க வேண்டும். அடுத்து தண்ணீர் மேல் மிதக்கும் எண்ணெயை உறிஞ்சி எடுக்க வேண்டும். எண்ணெய் அளவுக்கு மீறி இருந்தால் பாக்டீரியாவே செத்துப்போகும். இதையெல்லாம் செய்யாமல் பாக்டீரியா பவுடரை மட்டும் தூவினால் பலன் இருக்காது. முறையாக செய்தாலும் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் ஆகும்.

உஷார்!

உங்கள் போரில் எண்ணெய் வாடை வந்தால் "காய்ச்சினா சரியாயிடும்" என்று நினைக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் ஆவி தீப்பிடிக்கும். பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. மோட்டார் போடாதீர்கள், பக்கத்தில் தீக்குச்சி உரசாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் உடனே சொல்லுங்கள். வாடை போய்விட்டது என்பதற்காக குடித்துவிடவும் கூடாது. பரிசோதனையில் தேறிய பிறகே அது தண்ணீர்!