ட்ரோன் பறக்கவிடப்போறீங்களா? ஜி.பி.எஸ். எங்கெல்லாம் கைவிடும்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க!

ரிமோட்டிலிருந்து கையை எடுத்தாலும் ட்ரோன் அந்தரத்தில் அப்படியே நிற்கும். சிக்னல் விட்டுப்போனால் கிளம்பின இடத்துக்குத் தானாகவே திரும்பிவரும். முதல் தடவை பார்க்கிறவங்களுக்கு, 'எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும் போல'ன்னு தோணும். இதற்கெல்லாம் முக்கியக் காரணம் ஜி.பி.எஸ். ஆனால், ட்ரோன் எங்கே இருக்குன்னுதான் ஜி.பி.எஸ். சொல்லும்; அதைச் சுத்தி என்ன இருக்குன்னு சொல்லாது. இந்த வித்தியாசம் புரியாமல் பறக்கவிட்டால் சிக்கல்தான்.

ரொம்ப தூரத்து சிக்னல்

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால்தான் ட்ரோன் தன் இடத்தைச் சரியாகக் கணக்குப்போடும். அவ்வளவு தூரத்திலிருந்து வருவதால் சிக்னல் ரொம்பவே பலவீனமா இருக்கும். உயரமான அப்பார்ட்மென்ட்களுக்கு நடுவே பறக்கும்போது சில சிக்னல்கள் மறைஞ்சிடும். சில சுவரில் பட்டுத் தெறித்து, சுத்திக்கிட்டு வந்து சேரும். அப்போ ட்ரோன், தான் வேறு எங்கேயோ இருக்கிறதா நினைச்சுக்கும். திறந்தவெளியிலேயே சில மீட்டர் முன்னே பின்னே இருப்பது சகஜம்.

2018 அக்டோபரில் ஹாங்காங்கின் விக்டோரியா துறைமுகத்தில் நடந்த ட்ரோன் ஒளிக்காட்சியில், 46 ட்ரோன்கள் தண்ணீரில் விழுந்தன. ஜி.பி.எஸ். சிக்னலில் ஏற்பட்ட இடையூறே காரணம்னு நிகழ்ச்சியை நடத்தியவர்கள் சொன்னாங்க. தொழில்முறைக் குழுவுக்கே இந்த நிலைமை!

மொட்டை மாடி உஷார்!

இடம் தெரிஞ்சா மட்டும் போதாது, ட்ரோனுக்குத் திசையும் தெரியணும். அதற்குள்ளே இருக்கும் திசைகாட்டிதான் அதைச் சொல்லும். கான்கிரீட் தளத்துக்குள் இருக்கும் கம்பி, இரும்பு ஷெட், பக்கத்தில் நிற்கும் பைக் இவையெல்லாம் அதைக் குழப்பும். திசை தப்பானால், ஒரே இடத்தில் நிற்கவேண்டிய ட்ரோன் வட்டமடிக்க ஆரம்பிக்கும். வட்டம் பெருசாகிக்கிட்டே போகும். அதனால் மாடியைவிட மைதானமே நல்லது.

'வீடு' எதுன்னு செக் பண்ணுங்க

'ரிட்டர்ன் டு ஹோம்' வசதியில் 'ஹோம்' என்பது, பொதுவாக நீங்கள் கிளம்பும்போது ட்ரோன் குறித்துக்கொண்ட இடம். படகிலிருந்து பறக்கவிட்டீங்கன்னு வைங்க. படகு நகர்ந்திருக்கும், ட்ரோனோ பழைய இடத்துக்கே வந்து சமர்த்தாகத் தண்ணீரில் இறங்கும்! அதேபோல, திரும்பிவரும் உயரத்தை 20 மீட்டர்னு வெச்சுட்டு, வழியில் 40 மீட்டர் செல்போன் டவர் இருந்தால் மோதல்தான். தடைகளைக் கண்டுபிடிக்கும் சென்சார் இருந்தாலும், மெல்லிய மின்கம்பிகளை அது கவனிக்கும்னு நம்ப முடியாது.

சிக்னல் போயிடுச்சு... இப்போ?

ஜி.பி.எஸ். போனால் பல ட்ரோன்கள் உயரத்தை மட்டும் காற்றழுத்த சென்சாரை வைத்துச் சமாளிக்கும். ஆனால் ஒரே இடத்தில் நிற்காது, காற்று அடிக்கிற பக்கம் நகரும். கீழே கல்யாணக் கூட்டமோ, பீச்சில் விளையாடும் குழந்தைகளோ இருந்தால், அடுத்த சில விநாடிகள் உங்க விரல்களில்தான் இருக்கு. பதற்றத்தில் குச்சியை முழுசாகத் தள்ளாதீங்க. ஆட்கள் இல்லாத பக்கமாக மெதுவாகத் திருப்பி, இறக்கிடுங்க.

இது திடீர்னு வராது, பழகணும். ஜி.பி.எஸ். இல்லாத சின்ன பொம்மை ட்ரோனில் பழகினால் கை நல்லா படியும். ட்ரோன் கண்ணுக்குத் தெரியிற தூரத்தில் இருக்கணும் என்பதும் இதற்காகத்தான். ஸ்கிரீனை மட்டுமே பார்த்து ஓட்டினால், அது எந்தப் பக்கம் நகருதுன்னே புரியாது.

பொறுப்பு யாருக்கு?

இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளின்படி, வணிக நோக்கம் இல்லாமல் 2 கிலோ வரையிலான ட்ரோனைப் பறக்கவிட பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால், சான்றிதழ் வேண்டாம் என்றால் பொறுப்பும் வேண்டாம்னு அர்த்தமில்லை. பச்சை மண்டலத்தில்கூட 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர்தான் எல்லை. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. 250 கிராமுக்கு மேல் எடையிருந்தால், பைக்குக்கு எடுப்பதுபோல மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ட்ரோன் ஆப் தடுக்கலையேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. அனுமதி இருக்கான்னு பார்க்கவேண்டியது நீங்கதான்.

பறக்கும் முன் இரண்டு நிமிஷம்

* மண்டல வரைபடத்தில் உங்க இடத்தைப் பாருங்க.
* போதுமான செயற்கைக்கோள்கள் கிடைத்து, 'ஹோம்' பதிவாகும்வரை பொறுங்க.
* திரும்பும் உயரம், சுற்றிலும் இருக்கும் உயரமான மரம், டவரைவிட அதிகமா இருக்கட்டும். 120 மீட்டரைத் தாண்ட வேண்டாம்.
* எதிர்க்காற்றில் திரும்பிவரவும் பேட்டரி வேணும். பாதி தீரும்முன் திருப்பிடுங்க.
* ஆட்களின் தலைக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

ஜி.பி.எஸ். நல்ல உதவியாள்தான். ஆனா ரிமோட் இருக்கிறது உங்க கையில!