இருட்டுக்கு ஒரு மதிப்பெண்

லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் உருவாக்கி 1998-இல் வெளிவந்த ‘தீஃப்: த டார்க் ப்ராஜெக்ட்’ கணினி விளையாட்டில் நாம்தான் திருடன் காரெட். அவன் கண் வழியாகவே எல்லாம் தெரியும் என்பதால், அவன் உடம்பில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று நமக்குத் தெரியாது. அதனால் திரையின் அடியில் ஒரு மணிக்கல் வைத்தார்கள். பந்தத்தின் அருகே போனால் அது மின்னும். நிழலுக்குள் நுழைந்தால் கறுத்துவிடும். கல் கறுத்திருந்தால் காவலாளி கிட்டத்தில் கடந்துபோனாலும் பயமில்லை.

அன்றைய கணினிகளுக்கு வெளிச்சத்தை நொடிக்கு நொடி கணக்கிடத் திராணி இல்லை. சுவர், தரை ஒவ்வொன்றின் மீதும் எவ்வளவு ஒளி விழும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு ‘லைட்மேப்’ என்ற படலமாக ஒட்டிவைத்தார்கள். ஆனாலும் நீர் அம்பு எய்தால் பந்தம் அணையும், அறை இருண்டுபோகும். மின்விளக்கிடம் அந்த வித்தை பலிக்காது.

காவலாளிக்குக் கண் என்று எதுவும் கிடையாது. முகத்திலிருந்து விரியும் சில கூம்புகள்தான் அவன் பார்வை: நேர் எதிரே கூர்மையானது, பக்கவாட்டில் மந்தமானது, முதுகுக்குப் பின்னால்கூட ஒரு குட்டைக் கூம்பு. அவற்றில் ஏதாவது ஒன்றுக்குள் நாம் வந்து, நடுவில் சுவரும் இல்லையென்றால், நம்மீதுள்ள வெளிச்சம், நம் அசைவு, உடம்பு எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதையெல்லாம் சேர்த்து ஒரு மதிப்பெண் போடப்படும். அதற்கேற்ப அவனுடைய சந்தேகம் படிப்படியாக ஏறும்.

இதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்னத் தில்லுமுல்லு. வெளிச்சக் கணக்கில் காலடித் தரைக்கே அதிக எடை. உண்மையான கண் அப்படிப் பார்ப்பதில்லை. அது வேறுபாட்டைத்தான் பிடிக்கும். வெளிச்சமான சுவருக்கு முன்னால் இருட்டில் நிற்பவன் நிழலுருவாகப் பளிச்சென்று தெரிவான். போதாததற்கு, இருட்டிலேயே இருக்கும் கண் இருபது முப்பது நிமிடங்களில் அதற்குப் பழகிவிடும். இரவெல்லாம் ரோந்து சுற்றுபவன் நம்மை எளிதில் பிடித்திருக்க வேண்டும். ஆனால் அந்த நியாயத்தை விளையாட்டில் வைத்தால், எதனால் மாட்டினோம் என்பதே ஆடுபவருக்குப் புரியாது. தரையைப் பார்த்தால் யாருக்கும் புரியும். ஆக, அங்கே இருட்டு காவலாளிக்காக அமைக்கப்பட்டதல்ல, நமக்காக.

2002-இல் வந்த ‘ஸ்ப்ளிண்டர் செல்’ நிழல்களை ஓடவிட்டது. பல்பைச் சுட்டு உடைத்து நாமே இருட்டை உண்டாக்கலாம். அதன் நாயகன் சாம் ஃபிஷரின் நெற்றியில் மூன்று பச்சை விளக்குகள் எரிவதை மட்டும் எந்தக் காவலாளியும் கண்டுகொள்வதில்லை! பத்தாண்டு கழித்து வந்த ‘மார்க் ஆஃப் த நிஞ்சா’ மணிக்கல்லையே தூக்கிவிட்டது. நிழலில் வீரன் கறுப்பு உருவமாகிவிடுவான், வெளிச்சத்தில் நிறம் வந்துவிடும்.

இன்றைய கணினிகள் சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளியையும் கணக்கிடுகின்றன. காட்சி அழகுதான், ஆனால் அப்படிச் சிதறும் ஒளியில் கும்மிருட்டு மூலைகள் குறைகின்றன, நிழலின் ஓரம் கரைந்துபோகிறது. எங்கே நின்றால் தப்பலாம் என்று சொல்வது கடினமாகிறது. ‘ஹொரைசன் ஜீரோ டான்’, ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ போன்ற பெரிய விளையாட்டுகளில் வீரர்கள் பதுங்குவது உயரமான புல்லுக்குள். புல்லுக்கு உள்ளே இருக்கிறோமா, வெளியே இருக்கிறோமா என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.