சிடி பிளேயர் இல்லையா? பரணில் கிடக்கும் பிளேஸ்டேஷன் போதும்!

பள்ளிகொண்டா, ஆம்பூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் இளையராஜா, ரஹ்மான் சிடிக்கள் பத்திரமாக இருக்கும். போட்டுக் கேட்க பிளேயர்தான் இருக்காது. பழைய பிளேஸ்டேஷன் கிடந்தால் தூசி தட்டலாம். 1994-ல் ஜப்பானில் வெளியான முதல் பிளேஸ்டேஷனிலேயே ஆடியோ சிடி பாடும். பிஎஸ்2, பிஎஸ்3-லும் பாடும். பிஎஸ்4, பிஎஸ்5-ல் நோ சான்ஸ்!

இதில் எஸ்சிபிஎச்-1001 மாடலுக்கு ஆடியோ பிரியர்களிடம் தனி மவுசு. பின்பக்கமே சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ சாக்கெட் இருப்பதால் ஆம்ப்ளிஃபயரில் நேரடியாக இணைக்கலாம். ஆனால், அது 120 வோல்ட் அமெரிக்க மாடல். நம்மூர் 230 வோல்ட்டில் அப்படியே சொருகினால் மெஷின் காலி. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

இன்னொன்று: பஜாரில் வாங்கிய '100 பாட்டு' எம்பி3 சிடியை பிஎஸ்1, பிஎஸ்2 கண்டுகொள்ளாது. ஆடியோ சிடியாகப் பதிந்தது மட்டுமே ஓடும்.