பனியாற்றுக்கு ஒரு பெயர்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் கரையில் வாழும் நமக்குப் பனி என்பது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியே. ஆயின், பனியே ஆறாகி ஊர்ந்து செல்லும் கண்டமும் உண்டு. அதுவே தென்துருவத்து அண்டார்க்டிகா.

கங்கை பிறக்கும் தலத்தை நினைந்து, நம் நாட்டார் 1983-84இல் அங்கு நிறுவிய முதல் ஆய்வு நிலையத்திற்குத் 'தட்சிண கங்கோத்ரி' எனப் பெயரிட்டனர். சிர்மாக்கர் பாறைவெளியை முட்டி நிற்கும் பனிநாக்கு ஒன்றும் அப்பெயரையே பெற்றது. பத்தாண்டு நிறையுமுன் நிலையம் பனியில் புதைந்து கைவிடப்பட்டது. பெயரோ பனியாற்றில் நிலைத்தது.

பெயரிட்டதனால் அது நமதாகிவிடவில்லை. 1959ஆம் ஆண்டின் உடன்படிக்கை அங்குப் புதிதாக உரிமை கோர எந்நாட்டிற்கும் இடந்தரவில்லை. அளந்து காக்கும் பொறுப்பே, நம் எண்ணத்தில், உரிமையினும் பெரிது. நம் நிலவியலாளர் 1983 முதற்கொண்டு அதன் முகப்பை அளந்துவந்துள்ளனர். அது சராசரியாக ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகவே பின்வாங்கியுள்ளது. கண்ணுக்குத் தெரியாத நகர்வுதான். ஆயினும் வரைபடத்தில் இட்ட கோடு இட்ட இடத்தில் நிற்கவில்லை.